மெட்டல் டிடெக்டர் மக்கர் பண்ணுகிறதா? ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

மெட்டல் டிடெக்டர் மக்கர் பண்ணுகிறது என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். உள்ளே ஒரு போர்டு, நாலு ஒயர், மோதிர டப்பா அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். ஒன்றும் புரியாமல் திரும்ப மூடியிருப்பார்கள். மூடும்போது ஒரு ஒயர் நசுங்கியிருக்கும். ஆக, தானாக வந்த கோளாறு ஒன்று, கைவைத்து வாங்கிய கோளாறு ஒன்று என்று இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கும். இதில் தானாக வந்தது பல நேரம் கோளாறாகவே இருக்காது.

நான் இங்கே சொல்வது நிலத்தில் தேடுகிற மிஷினைப் பற்றி. கோயில் வாசலில் நிற்கிற கதவுச் சட்டத்துக்கும், காவலர் கையில் வைத்துத் தடவுகிற மட்டைக்கும் இதில் பாதி பொருந்தும், ஆனால் அது தனிக் கதை. மதுரைப் பக்கம் இந்தத் தரை மிஷினை வாங்குகிறவர்கள் பல ரகம். தோட்டத்தில் நகை தொலைத்த வீட்டுக்காரர்கள், மண்ணுக்குள் மூடிப்போன இரும்பு பைப்பையும் கேட் வால்வையும் தேடுகிற பிளம்பர்கள், பழைய இரும்பு எடுப்பவர்கள், சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகு வைகை மணலில் சில்லறை தேடுகிற பையன்கள். எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் வரும்: “அண்ணே, நல்லா இருக்கிற மிஷினைத்தான் குடுத்தாய்ங்களா?”

தராசு என்று நினைத்துக்கொள்ளுங்கள்

தண்டின் அடியில் தட்டு மாதிரி இருக்கிறதே, அதுதான் காயில். அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று காந்த அலையை அனுப்பும், மற்றொன்று காது கொடுத்துக் கேட்கும். அனுப்புகிற அலை கேட்கிற சுருளில் நேரடியாக விழாதபடி இரண்டையும் ஒன்றையொன்று சமன் செய்து வைத்திருப்பார்கள். உலோகம் பக்கத்தில் வந்தால் அதற்குள் சிறு மின்னோட்டம் சுழலும். அது திருப்பி அனுப்பும் அலையில் சமன் குலையும். அந்தக் குலைவுதான் உங்களுக்குக் கேட்கிற சத்தம். சந்தையில் அதிகம் கிடைக்கிற விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) வகை மிஷின்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. பல்ஸ் இண்டக்‌ஷன் என்று இன்னொரு வகை உண்டு. அது விட்டு விட்டுத் துடிப்பை அனுப்பி, அது அடங்குகிற வேகத்தைக் கேட்கும்.

நகைக்கடைத் தராசில் ஃபேன் காற்று பட்டாலும் எண் ஆடும். அதற்காகத் தராசு கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, ஃபேனை நிறுத்துவார்கள். இந்த மிஷினுக்கும் அதே கணக்குத்தான்.

1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று தெரியாமல் டாக்டர்கள் திண்டாடினார்கள். டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே தராசுக் கணக்கில் ஒரு கருவி செய்து எடுத்துக்கொண்டு போனார். வெளியே சோதித்தபோது ஒழுங்காக வேலை செய்த கருவி, ஜனாதிபதியின் கட்டிலருகே போனதும் குழம்பியது. படுக்கைக்கு அடியில் எஃகுக் கம்பியில் பின்னிய மெத்தை ஒன்று இருந்தது பெல்லுக்குப் பிறகுதான் தெரியவந்தது. போதாக்குறைக்கு, தலைமை மருத்துவர் வலப்பக்கத்தை மட்டும்தான் சோதிக்க விட்டார். குண்டு கிடந்ததோ இடப்பக்கம். இன்றைக்கும் என்னிடம் வருகிற புகார்களில் நிறைய இந்தக் கட்டில் கதைதான்.

முதலில் வீட்டை விட்டு வெளியே வாருங்கள்

பார்சலைப் பிரித்ததும் ஹாலில் நின்று ஆன் செய்கிறோம். தரைக்குள்ளும் தளத்துக்குள்ளும் கான்கிரீட் கம்பி, பக்கத்தில் பீரோ, தலைக்கு மேல் டியூப் லைட், மூலையில் இன்வெர்ட்டர். மிஷின் கத்தாமல் என்ன செய்யும்?

கரண்ட் கம்பி இல்லாத வெட்டவெளிக்குப் போங்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மிஷினைப் படுக்க வையுங்கள். காயில் நாற்காலியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு, முகம் பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கட்டும், தரையைப் பார்க்க வேண்டாம். கையில் இருக்கிற காப்பு, மோதிரம், வாட்ச் மூன்றையும் கழற்றிவிடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுத் தள்ளி வையுங்கள். சென்சிட்டிவிட்டியை, அதாவது மிஷினின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்கை, பாதியில் வைத்து ஆன் செய்து, தொடாமல் ஒரு நிமிடம் கேளுங்கள்.

இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. காயில் அசையாமல் இருக்கும்போதே சத்தம் வந்தால், கோளாறு காற்றில் வருகிற மின்சார இரைச்சலில் இருக்கிறது, அல்லது மிஷினுக்குள் இருக்கிறது. அசையாமல் இருக்கும்போது அமைதி, தரைமேல் வீசும்போது மட்டும் சத்தம் என்றால் காரணம் பெரும்பாலும் மண், அல்லது மண்ணில் கிடக்கிற குப்பை. தரைமேல் காயிலைத் தொங்கவிட்டு இரண்டு பாட்டில் மூடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ‘மிஷின் சரியில்லை’ என்கிறவர்கள் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்திருந்தால் போதும்.

அமைதியாக இருந்தால் அடுத்து நாணயச் சோதனை. பித்தளை நிற ஐந்து ரூபாயை விரல் நுனியில் பிடித்துக் காயிலுக்கு முன்னால் இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுங்கள். ஆட்டுவது முக்கியம். பெரும்பாலான மிஷின்கள் அசைவில்தான் கண்டுபிடிக்கும், நாணயத்தை அப்படியே காட்டிக்கொண்டு நின்றால் வாய் திறக்காது. ஓரளவு நல்ல மிஷின் ஒரு சாண் தூரத்தில் இதைப் பிடிக்க வேண்டும். வாங்கிய அன்றே இந்தத் தூரத்தை ஸ்கேலால் அளந்து, பெட்டிக்கு அடியில் ஒரு டேப் ஒட்டி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ‘ஆழம் குறைந்த மாதிரி இருக்கிறது’ என்று தோன்றும்போது அந்த எண் பதில் சொல்லும்.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாயை வைத்துச் சோதிக்காதீர்கள். இப்போது புழங்குகிறவை எஃகு நாணயங்கள், காந்தத்தில் ஒட்டும். இரும்பைத் தள்ளச் சொல்லி மிஷினை வைத்திருந்தால் அதையும் இரும்புக் கணக்கில் சேர்த்து அமுக்கும், இல்லாவிட்டால் தடுமாறும். ‘ஒத்த ரூவாயைக் கூடப் பிடிக்க மாட்டேங்குது’ என்று ஒரு பையன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து நாணயத்தில் வைத்துக் காட்டியதும்தான் நம்பினான்.

பேட்டரி

புது பேட்டரி போட்டேன் என்று சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள், அதுவும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது. சும்மா இருக்கும்போது 9 வோல்ட் காட்டுகிற மலிவான பேட்டரி, ஆன் செய்ததும் 7-க்கு விழும். அப்போது மிஷின் சாகாது. ஆழம் குறையும், அவ்வப்போது பொய்ச் சத்தம் போடும். வரிசையாகப் பென் டார்ச் செல் போடுகிற மாடலில் ஒரே ஒரு செத்த செல் மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். ரீசார்ஜ் செல் ஒன்று 1.2 வோல்ட்தான். எட்டு செல் போடுகிற இடத்தில் அது மொத்தம் 2.4 வோல்ட் வித்தியாசம். சில மாடல்கள் அதைத் தாங்கும், சில மாடல்கள் ஆன் ஆன உடனே பேட்டரி குறைவு என்று காட்டும்.

செல் கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால்: அல்கலைன் செல் கசிவு காரம், அதற்கு இயர்பட் நுனியில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு. சாதாரண ஜிங்க் செல் கசிவு அமிலம், அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். எதைப் போட்டாலும் பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய விட்டுத்தான் அடுத்த செல். உப்புத்தாளை எடுத்துச் சுரண்டினால் மேல் பூச்சு போய்விடும், அடுத்த மழைக்காலத்தில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும்.

லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கலாமே என்ற யோசனையே வேண்டாம். மாற்றுங்கள்.

காயில், கேபிள், ஒரு இரும்பு போல்ட்

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த மிஷின் ஓயாமல் ஊளையிட்டது. பேட்டரி சரி, கேபிள் சரி, காற்றில் வைத்தாலும் ஊளை. கால் மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: காயிலைத் தண்டோடு பிணைக்கிற பிளாஸ்டிக் போல்ட் உடைந்திருக்கிறது, அவர் ஹார்டுவேர் கடையில் அதே சைஸில் நல்ல கெட்டியான இரும்பு போல்ட்டும் இரண்டு வாஷரும் வாங்கி முறுக்கியிருக்கிறார். காயிலின் தலைமேலேயே இரும்பு! தண்டின் கீழ்ப்பகுதியைப் பிளாஸ்டிக்கிலோ ஃபைபரிலோ செய்வதே அங்கே உலோகம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். போல்ட் உடைந்தால் பிளாஸ்டிக் போல்ட் கிடைக்கும்வரை நல்ல நைலான் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து கேபிள். காயிலிலிருந்து பெட்டிக்குப் போகிற கேபிள் தண்டைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்க வேண்டும். காயிலுக்குப் பக்கத்தில் அது தொளதொளவென்று ஆடினால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு சத்தம் வரும். மிஷினை நாற்காலியில் வைத்து ஆன் செய்துவிட்டு, கேபிளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் மெதுவாக வளைத்துக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சத்தம் வெடித்தால் அங்கே உள்கம்பி முறிந்திருக்கிறது. பெரும்பாலும் காயிலில் நுழைகிற இடத்தில், அல்லது பிளக்கின் கழுத்தில். குதிரில் நெல் வைத்திருக்கிற வீடு என்றால் எலி கடித்த தடமும் தேடிப் பாருங்கள்.

பிளக்கைக் கழற்றி உள்ளே இருக்கிற பின்களைப் பாருங்கள். கறுத்திருந்தால் ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த இயர்பட்டால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவந்த மகராசனும் உண்டு. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பின்களை ஜோடி ஜோடியாகத் தொட்டுப் பார்த்தால் சுருள்கள் சில ஓம்ஸிலிருந்து சில பத்து ஓம்ஸ்வரை காட்டும், மாடலுக்கு மாடல் மாறும். எந்த ஜோடியைத் தொட்டாலும் மீட்டர் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது.

காயிலுக்கு அடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக் கழுவியிருக்கிறீர்களா? வைகை மணலில் தேடுகிறவர்களுக்கு இதுதான் முதல் எதிரி. மணலில் கறுப்பாகக் கோடு கோடாக ஒதுங்கியிருக்கிற துகளில் காந்தத்தில் ஒட்டுகிற இரும்புத்தாது உண்டு. அது ஈரத்தோடு உறைக்குள் புகுந்து, காயிலோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். மிஷின் தன் வயிற்றுக்கடியில் இருக்கிற மணலையே கண்டுபிடித்துக் கத்தும். கழற்றி, கழுவி, துடைத்து மாட்டினால் தீர்ந்தது.

காயிலில் விரிசல் விட்டுத் தண்ணீர் போயிருந்தால், நிழலில் நாலைந்து நாள் காயவிட்டு எபாக்ஸி பசையால் அடைத்துப் பார்க்கலாம். வெயிலில் காயப்போட வேண்டாம். கறுப்பு பிளாஸ்டிக் நம்மூர்ச் சித்திரை வெயிலில் வளைந்தால் உள்ளே சுருள்களின் சமனும் போய்விடும். பெரும்பாலான காயில்களின் உள்ளே கல் மாதிரி எபாக்ஸி ஊற்றியிருப்பார்கள். உடைத்துத் திறந்து சரிசெய்கிறேன் என்று இறங்கியவர்கள் யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. அதே மாடல் வைத்திருக்கிற நண்பரிடம் அவர் காயிலை ஐந்து நிமிடம் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதில் மிஷின் சரியாக ஓடினால் உங்கள் காயில் போய்விட்டது, ஓடாவிட்டால் பெட்டியில் கோளாறு. வேறு மாடலின் காயில், பிளக் பொருந்தினாலும், இதற்கு உதவாது. மிஷினும் காயிலும் ஒரே அலைவரிசைக்குச் சேர்த்து வைக்கப்பட்ட ஜோடி.

இன்னொரு விஷயம், சின்னதுதான். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, திரையில் மட்டும் உலோக ரகத்தைச் சொல்கிற எண் ஓடுகிறது என்றால் ஹெட்போன் துளையைச் சந்தேகியுங்கள். ஹெட்போனைப் பத்துத் தடவை செருகி எடுத்தால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிற தகடு விலகி, ஸ்பீக்கர் பேச ஆரம்பிக்கும்.

பெட்டியைத் திறக்கும் வேலை இதற்கெல்லாம் பிறகுதான். வாரண்டி இருந்தால் அப்போதும் வேண்டாம். கம்பெனிக்கு அனுப்பும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று ஒரு வரியில் எழுதாமல், காற்றில் வைத்தபோது என்ன ஆனது, ஐந்து ரூபாயை எவ்வளவு தூரத்தில் பிடித்தது, கேபிளை வளைத்தபோது என்ன ஆனது என்று மூன்று வரி எழுதி வையுங்கள். மெக்கானிக்கின் பாதி நாளை மிச்சப்படுத்துவீர்கள்.

ரிப்பேர் செய்ய முடியாத ஒரு ரகம்

கையில் பிடிக்கிற கட்டை, முன்னால் ஆன்டெனா மாதிரி ஒரு கம்பி, ‘முப்பது அடி ஆழத்தில் தங்கம் இருந்தால் கம்பி தானாகத் திரும்பும்’ என்ற விளம்பரம். இதை எடுத்துக்கொண்டு வந்து ‘கம்பி திரும்ப மாட்டேங்குது’ என்றால் நான் கையைக் கும்பிட்டுவிடுவேன். காயில் இல்லாத இந்த மாதிரிக் கருவிக்குள் சரிசெய்ய ஒன்றும் இருக்காது. ஏடிஇ 651 என்று வெடிகுண்டு கண்டுபிடிக்கிற கருவியாக உலகமெங்கும் விற்கப்பட்ட ஒன்று, கோல்ஃப் பந்து தேடுகிற விளையாட்டுச் சாமானிலிருந்து வந்தது. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் பிரிட்டன் நீதிமன்றம் பத்து ஆண்டு சிறை கொடுத்தது. உண்மையான மிஷின் ஒரு நாணயத்தை ஒரு சாண் ஆழத்தில் பிடித்தாலே பெரிய விஷயம். மூக்குத்தி என்றால் நாலு விரற்கடைக்குள் இருக்க வேண்டும்.

மண்ணோடு ஒத்துப்போக வைப்பது

மிஷின் நன்றாக இருக்கிறது, தரையில்தான் கத்துகிறது என்று முடிவாகிவிட்டதா? சரி, மண்ணைப் பாருங்கள்.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றி மண்ணில் புரட்டி எடுங்கள். மீசை முளைத்த மாதிரி துகள் ஒட்டினால் அந்த நிலத்தில் இரும்புத்தாது அதிகம். நம் பக்கத்துச் செம்மண் பல இடங்களில் இப்படித்தான். அங்கே கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தைக் கழித்துவிடுகிற சரிக்கட்டல், செய்யாமல் ஓட்டினால் மிஷின் மண்ணையே உலோகமாக எண்ணும். குப்பை இல்லாத ஓரிடத்தில், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்கும் முழங்கால் உயரத்துக்கும் நடுவில் காயிலை ஏற்றி இறக்குங்கள். இறக்கும்போதோ ஏற்றும்போதோ சத்தம் மாறினால் கிரவுண்ட் பேலன்ஸ் குமிழைக் கொஞ்சம் திருப்புங்கள். அதிகமானால் எதிர்ப்பக்கம். ஏற்றினாலும் இறக்கினாலும் சத்தம் ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். தானாகச் செய்கிற மாடலில் பட்டனை அமுக்கிக்கொண்டே இதே வேலை. காலையில் செய்தது மதியத்துக்கு உதவும் என்று நினைக்காதீர்கள். வெயில் ஏறினால் மிஷினும் கொஞ்சம் மாறும். அரை மணிக்கு ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் தொல்லை வேறு விதம். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடிப்புக்கு மேலே காயில் போகும்போது திடீரென்று கீழே மண் இல்லாமல் போகிறது, மிஷின் அதையும் ஒரு மாற்றமாகச் சொல்லும். வேகத்தைக் குறைத்து, காயிலை ஒரே உயரத்தில் கொண்டுபோனால் அடங்கும். உரம் போட்டு உடனே தண்ணீர் பாய்ச்சிய வயலுக்குள் இறங்காதீர்கள். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், மிஷின் குழம்பும். இரண்டு நாள் காயட்டும்.

செங்கல் துண்டும் ஓட்டாஞ்சில்லும் சத்தம் கொடுக்கும். சுட்ட களிமண்ணில் காந்தத் தன்மை தங்கிவிடும் என்பதுதான் காரணம், மிஷின் பொய் சொல்லவில்லை. பழைய சூளை இருந்த இடங்களில் இது சகஜம். ஆனால் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில், கறுப்பு சிவப்பு ஓடுகளாகக் கிடக்கிற இடத்தில் இப்படிக் கேட்டால், மிஷினை ஆஃப் செய்துவிட்டு வந்துவிடுங்கள். 2015-ல் அகழாய்வு தொடங்கிய கீழடி இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. அதே மாதிரி மேடு எத்தனையோ இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கிற இடங்களில் தோண்டுவது குற்றம். சொந்த நிலமே ஆனாலும், மண்ணுக்குள் புதைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது.

காற்றில் வருகிற இரைச்சல்

காயில் அசையாமல் இருக்கும்போதே சத்தம் வருகிறது என்றால், காயிலை மெதுவாக நாலு திசைக்கும் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் கூடி மறு திசையில் குறைந்தால் வெளியிலிருந்துதான் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர், உயரழுத்தக் கம்பி, எல்இடி விளக்கு, மோட்டார் ரூம், இன்னொருவரின் டிடெக்டர், உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போன். நூறடி நடந்து போய் மறுபடி பாருங்கள். மிஷினில் அலைவரிசை மாற்றுகிற வசதி இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றி, எதில் அமைதியோ அதில் வையுங்கள். இல்லாவிட்டால் சென்சிட்டிவிட்டியைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

சந்தேகம் தீர்த்துக்கொள்ள நான் கண்ட நல்ல நேரம், மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட்டை நிறுத்துகிற நாள். ஊரே ஃபேன் இல்லாமல் திட்டிக்கொண்டிருக்கும், நான் மிஷினை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். நேற்று வரை ஊளையிட்ட மிஷின் அன்றைக்கு வாயே திறக்காவிட்டால், அதை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒரு மல்லிகைத் தோட்டத்தில்

செட்டிங் பற்றிச் சொல்வதைவிட நடந்ததைச் சொன்னால் சுலபமாகப் புரியும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டம். விடிவதற்கு முன் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மொட்டு பறிக்கும்போது அந்த வீட்டு அக்காவின் ஒற்றைத் தோடு விழுந்துவிட்டது. புதிதாக மிஷின் வாங்கிய பையன் ஒருவன் தேடப் போயிருக்கிறான். எட்டு மணிக்கு எனக்கு போன்.

“அண்ணே, மிஷினு செத்துப்போச்சுண்ணே. ஒரு அடி எடுத்து வச்சா நாலு தடவ கத்துது.”

“செத்தது எப்படிடா கத்தும்? இரு, வர்றேன்.”

போய்ப் பார்த்தால் சென்சிட்டிவிட்டி உச்சத்தில். அதிகமாக வைத்தால் அதிகமாகப் பிடிக்கும் என்று நினைத்திருக்கிறான். குறைத்தோம். கூச்சல் முக்கால்வாசி போனது. மிச்சமிருந்தது ஒரு ‘டிக்’, பிறகு ஒரு ‘டிக்’, கடிகாரம் மாதிரி நொடிக்கு ஒன்று. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்: பக்கத்துத் தோட்டத்தில் பன்றிக்குப் போட்ட சோலார் வேலி. நொடிக்கு ஒரு தரம் கம்பியில் துடிப்பு அனுப்புகிற வகை. பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லி ஒரு மணி நேரம் ஆஃப் செய்ய வைத்தோம். அமைதி.

அடுத்ததுதான் முக்கியம். செடிகளுக்கு நடுவில் மாத்திரை அட்டை, பாக்குப் பொட்டலத்தின் ஜிகினா எல்லாம் கிடந்தன. அவை கத்தாமல் இருக்க அவன் டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகத்தை ஒதுக்கச் சொல்கிற செட்டிங்கை, கூட்டி வைத்திருந்தான். இரும்பை விலக்குகிற வரைக்கும் அது நல்ல பழக்கம். ஆனால் சின்னத் தங்க நகை, ஜிகினாத் தாள் இரண்டும் மிஷினுக்குக் கிட்டத்தட்ட ஒரே எண்ணில்தான் தெரியும். ஜிகினாவை வாய் மூடச் சொன்னால் தோடும் சேர்ந்து வாய் மூடிக்கொள்ளும். காலையிலிருந்து இரண்டு தடவை தோட்டின் மேலேயே நடந்திருப்பான், யார் கண்டது.

டிஸ்கிரிமினேஷனை இரும்புக்கு மட்டும் இறக்கினோம். அக்காவின் மற்றக் காதிலிருந்த தோட்டைக் கழற்றி வாங்கி, காயிலுக்கு முன்னால் ஆட்டி, எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டோம். தொலைந்த பொருளுக்கு ஜோடி இருந்தால் இதைவிட நல்ல சோதனை கிடையாது. அப்புறம் காலில் மெட்டி, கொலுசு போட்டிருந்தவர்களைப் பாத்தியை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பூ பறித்த வரிசையிலேயே, செடியின் அடியில் காயிலைத் தரையோடு ஒட்டி, மெதுவாக. பத்தொன்பது ஜிகினா, மூன்று ஊக்கு, ஒரு குடைக்கம்பி. ஜிகினா ஒவ்வொன்றையும் குனிந்து எடுத்துத்தான் ஆக வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. ஏழாவது பாத்தியின் வரப்போரம் ஒரு மெல்லிய சத்தம், ஜோடித் தோட்டின் எண்ணுக்கு ஒன்று முன்னே பின்னே. மண்ணை விரலால் கிளறியதும் காலை வெயிலில் கல் மின்னியது, ஒரு விரற்கடை ஆழம்கூட இல்லை.

திருகாணி கிடைக்கவில்லை. அதை அந்த மிஷின் பிடிக்காது, அவ்வளவு சின்னது. “போகட்டும் தம்பி, திருகாணி வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அக்கா பறித்து வைத்திருந்த மொட்டை மூட்டை கட்டிக்கொண்டு பூ மார்க்கெட்டுக்கு பஸ் பிடிக்க ஓடினார்.